புறவழிச்சாலைக்குக் கல் நட்டால் நிலம் போய்விட்டதா?

புறவழிச்சாலைக்காகத் தென்னந்தோப்பில் கல் நட்டிருக்கிறார்கள், நிலம் போய்விட்டதா என்று கேட்டிருந்தீர்கள். கல் நட்டதால் மட்டும் உங்கள் தோப்பு கைவிட்டுப் போகாது. நீங்கள் சொல்லும் புறவழிச்சாலை தேசிய நெடுஞ்சாலை என்றால், 1956ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 3டி பிரிவு அறிவிப்பு அரசிதழில் வந்த பிறகே நிலம் மத்திய அரசுக்குப் போகும். அதுவரை தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்தாதீர்கள்.

அநேகமாக இது திட்ட அறிக்கைக்காக அளந்தபோது நட்ட கல். அந்தக் கட்டத்தில் பாதை மாறவும் வாய்ப்புண்டு.

முதலில் 3ஏ அறிவிப்பு, அதாவது நிலம் எடுக்கப் போவதாகச் சொல்லும் அறிவிப்பு, வந்துவிட்டதா என்று நில எடுப்பு அலுவலகத்தில் கேளுங்கள். வந்திருந்தால் அதிலுள்ள புல எண், உட்பிரிவு, பரப்பு மூன்றையும் பட்டாவோடும் எஃப்எம்பி (புல அளவு) வரைபடத்தோடும் ஒப்பிடுங்கள். உட்பிரிவு எண் தவறினால் அடுத்தவர் பெயரில் இழப்பீடு போய் நிற்கும், பிறகு அலைச்சல்தான். கிணறு, மரங்களை இப்போதே தேதியோடு படமெடுத்து வையுங்கள்.

ஆட்சேபணை இருந்தால் 21 நாளுக்குள் எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். நாளிதழில் பார்த்த நாளை வைத்து எண்ணாதீர்கள், 3ஏ அறிவிப்பு வந்த அரசிதழ் தேதிதான் கணக்கு.

ஒன்று கவனியுங்கள்: மாநில நெடுஞ்சாலைத் துறை போடும் சாலையானால் மேலே சொன்ன பிரிவுகள் பொருந்தாது. தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் 2001இன் 15(2) அறிவிப்பைத் தேடுங்கள். கெடு அந்த அறிவிப்பிலேயே இருக்கும்.