ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை நடந்தே பார்க்கலாமா?

கேள்வி இதுதான்: "நாங்கள் இருவரும் ஜெர்மனியில் வளர்ந்தவர்கள். இலையுதிர்கால விடுமுறைக்கு ஒக்டோபர் நடுவில் யாழ்ப்பாணம் போகிறோம். சொந்தக்காரரின் வான் வண்டி வேண்டாம், நகரத்தை நடந்து பார்க்கத்தான் ஆசை. சரிப்படுமா? மழை கெடுக்குமா?"

சரிப்படும். ஆனால் நடந்து திரிகிறவர்களை யாழ்ப்பாணம் கொஞ்சம் பரிதாபமாகத்தான் பார்க்கும். அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும்.

நான் யாழ்ப்பாண நகரத்துக்குப் பக்கத்துக் கொக்குவிலில் பிறந்தவள், இப்போது இருப்பது கொழும்பு வெள்ளவத்தையில். இவர், என் கணவர், மலைநாட்டு ஹட்டன்காரர். இருவரும் லீவு போட்டுவிட்டு இப்படித்தான் ஓர் ஐப்பசியில் ரயிலேறினோம். பள்ளிக்கூட நாட்களில் நான் அந்த நகரத்துக்குள் சைக்கிளில் மட்டுமே திரிந்தேன். எந்தச் சந்தியில் பள்ளம், எந்த மதிலுக்குப் பின்னால் நாய் என்பதெல்லாம் மனப்பாடம். மதிலுக்குப் பின்னால் என்ன வீடு என்று பார்த்ததே இல்லை. இவர் தேயிலை மலையில் ஏறி இறங்கிப் பழகியவர். ஒரு மேடுகூட இல்லாத ஊரைக் கண்டதும், "இதெல்லாம் ஒரு தூரமா?" என்று கிளம்பிவிட்டார்.

ஆஸ்பத்திரி வீதியில் வைத்தே பெரியம்மா முறையான ஒருவர் எங்களைப் பிடித்துவிட்டார். "என்ன பிள்ளை, மருமோனை வெயிலுக்குள்ளை நடத்திக்கொண்டு திரியிறாய்? ஓட்டோவுக்குக் காசில்லையோ?" பின்னேரத்துக்குள் கொக்குவில், கோண்டாவில், இணுவில் எல்லா இடமும் செய்தி போய்விட்டது. சொந்தம் இருக்க விடுதியில் தங்கியது வேறு பெரிய குற்றம். உங்களுக்கும் அங்கே ஆட்கள் இருந்தால், வந்திறங்கிய அன்றே எல்லா வீடும் போய், தருகிற தேத்தண்ணீரையெல்லாம் குடித்து முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு விட்டுவிடுவார்கள். விடாவிட்டாலும் அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு உங்களைத் தேட மாட்டார்கள்.

அந்த ஆறு மணிதான் முக்கியம். யாழ்ப்பாணத்தில் நடப்பதற்குத் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. கோட்டையிலிருந்து நல்லூருக்கு மூன்று கிலோமீற்றர் அளவுதான் வரும், அதுவும் தட்டையான நிலம். வெயில்தான் பிரச்சினை. விடிய ஆறிலிருந்து ஒன்பது, ஒன்பதரை வரை நடக்கலாம். அப்புறம் சாப்பாடு, மின்விசிறி, நித்திரை. திரும்ப நாலு மணிக்கு வெளிக்கிடலாம். ஒக்டோபரில் ஆறு மணிக்கெல்லாம் பொழுது பட்டுவிடும், ஆகவே பின்னேர நடை சின்னதுதான். ஒரே நாளில் கோட்டை, நூலகம், நல்லூர் என்று முடிக்கப் பார்த்தால் மத்தியானம் பருத்தித்துறை வீதியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பிடிக்காமல் நிற்பீர்கள். அந்தக் கொதிக்கிற தாரில் எந்தக் காதலும் நிலைக்காது.

மழையைப் பற்றி. வருடம் முழுக்க விழுகிற மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழிக்குள் விழுந்து முடிந்துவிடும்; கார்த்திகைதான் கொட்டித் தீர்க்கிற மாதம். ஒக்டோபர் நடு என்பது தென்மேற்குச் சோளகக் காற்று ஓய்ந்து வடகிழக்கு வாடை இன்னும் பிடிக்காத இரண்டுங்கெட்டான் காலம். காலை பளிச்சென்று இருக்கும், மத்தியானத்துக்குப் பிறகு புழுங்கும், பின்னேரம் இடியோடு ஒரு மழை வந்து போகும். ஆளுக்கொரு குடை கொண்டுவாருங்கள். இரண்டு பேருக்கு ஒரு குடை என்பது படத்தில்தான் சரிவரும். காலில் சப்பாத்து வேண்டாம், நல்ல செருப்பு போதும். வெள்ளம் நின்றால் கழுவலாம், கோவிலில் சுலபமாகக் கழற்றலாம்.

எங்கே நடப்பது? எல்லோரும் சொல்கிற கோட்டையையும் நூலகத்தையும் நானும் சொல்வேன், ஆனால் சுருக்கமாக. கோட்டைக்குப் பின்னேரம் போங்கள், ஐந்து மணிக்கு மேலே ஏறி நிற்கிற மாதிரி. போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசை விழுத்திய காலத்தில் தொடங்கியது. 1658இல் ஒல்லாந்தர் பிடித்து ஐங்கோணமாக விரித்துக் கட்டினார்கள். 1795இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. உள்ளே இருந்த 1706ஆம் ஆண்டுத் தேவாலயம் போரில் இல்லாமல் போய்விட்டது. மதிலுக்குக் கிட்டப் போய்ப் பாருங்கள். கற்களில் பாதி முருகைக்கல், அதாவது பவளப்பாறை. பூப்பூவாக, நெளிநெளியாக, கடலுக்குள் எப்படி வளர்ந்ததோ அந்த வரியோடு அப்படியே சுவரில் இருக்கிறது. இவர் விரலால் தடவித் தடவி ஒரு மூலையிலேயே நின்றுவிட்டார். மலைநாட்டுக்காரருக்குக் கடலைச் சுவராகக் கட்டியிருப்பது புதினம். மேலே ஏறினால் பண்ணைப் பாலமும் கடலேரியும் தெரியும். ஊர்ச் சோடிகள் எல்லாம் அந்த நேரத்தில் பண்ணைக் கரையில்தான் இருப்பார்கள், உங்களை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

நூலகம் 1959இல் திறந்தது. 1981இல் எரித்தபோது போனவை ஏறக்குறைய 97,000 நூல்கள். இப்போதிருப்பது திரும்பக் கட்டி எழுப்பியது. வெளியே சரஸ்வதி சிலையோடு படம் எடுத்துக்கொண்டு ஓடிவிடாமல் உள்ளே ஒருமுறை போங்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இருப்பார்கள், கதைக்காமல் பார்த்துவிட்டு வந்துவிடலாம். பக்கத்தில் சுப்பிரமணியம் பூங்கா, அதைத் தாண்டினால் 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததை நினைத்துக் கட்டிய மணிக்கூட்டுக் கோபுரம். இதெல்லாம் ஒரு பின்னேரத்துக்குள் அடங்கும்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த பகுதி. பிரதான வீதியும் குருநகர்க் கரையும். வான் வண்டியில் வருகிறவர்கள் இந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. காலையில் மரியன்னை பேராலயத்தில் தொடங்குங்கள். அந்தச் சுற்றாடல் முழுக்க மடங்களும் பள்ளிக்கூடங்களும்தான். 1850இல் தொடங்கிய சம்பத்திரிசியார் கல்லூரி இங்கேதான். வீதியோரத்தில் இன்னும் சில பழைய நாற்சார் வீடுகள் இருக்கின்றன. படலை திறந்திருந்தால் நடுமுற்றத்தில் வெளிச்சம் விழுவது தெருவிலிருந்தே தெரியும். எட்டிப் பார்த்தால் ஆச்சிமார் கோபிக்க மாட்டார்கள், "ஆரைத் தேடுறியள்?" என்று கேட்பார்கள். "சும்மா பார்க்கிறம்" என்று சொல்லுங்கள். எங்களை ஒரு ஆச்சி உள்ளே கூப்பிட்டு, கிணற்றடி வரை காட்டி, பிள்ளைகள் நாலு பேரும் எந்தெந்த நாட்டில் என்று சொல்லி முடிக்கும்போது வெயில் ஏறிவிட்டது. ஜெர்மனி என்று சொன்னால் உங்களுக்கு இன்னும் நேரமெடுக்கும்.

அங்கிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கினால் குருநகர். தேதி பார்க்காமல் நேரம் பார்த்துப் போக வேண்டிய இடம். விடியற்காலையில் மீன் வந்திறங்கும், அதற்குப் பிறகு வலைக்காரர் நிழலில் உட்கார்ந்து வலை பொத்துவார்கள். ஒருவர் கால் பெருவிரலில் வலையைக் கொளுவி இழுத்துப் பிடித்துக்கொண்டு, கையில் ஊசி ஓடுவது தெரியாமல் எங்களோடு கதைத்துக்கொண்டே பொத்தினார். கடலேரிக்குள் தடிகளை நட்டு வலை கட்டியிருப்பது கரையிலிருந்தே தெரிந்தது. அது என்ன வேலி என்று இவர் கேட்க, "அது களங்கட்டி, தம்பி. மீனுக்கு உள்ளை போற வழி தெரியும், வாற வழி தெரியாது" என்றார். கலியாணம் மாதிரி என்று பக்கத்தில் இருந்தவர் சேர்த்துவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, இவர் நன்றாகச் சிரித்தார்.

குருநகர் யாகப்பர் கோவிலையும் பாருங்கள். 1993 நவம்பரில் விமானக் குண்டு விழுந்து பூசைக்கு வந்திருந்த சனம் செத்த கோவில் அது. திரும்பக் கட்டியிருக்கிறார்கள். கரையோடு இன்னும் கிழக்கே நடந்தால் பாசையூர், அந்தோனியார் கோவில், மீன்சந்தை. நண்டு வாங்க ஆசை வரும், சமைக்க இடமில்லாதவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். திரும்பி வரும்போது சுண்டிக்குளிப் பக்கமாக வந்தால் பழைய பூங்காவின் பெரிய மரங்களுக்குக் கீழே ஆறலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே நீண்டகாலம் அரசாங்க அதிபராக, அதாவது இந்தப் பகுதியின் தலைமை நிர்வாகியாக, இருந்த டைக் என்ற ஆங்கிலேயரின் வளவு அது. அந்த நகரத்திலேயே உருப்படியான நிழல் என்றால் எனக்கு அதுதான்.

இன்னொரு காலை பெரியகடைப் பக்கம் வையுங்கள். கஸ்தூரியார் வீதி, கன்னாதிட்டியில் நகைப் பட்டறைகள். அங்கிருந்து மேற்கே ஒழுங்கைகளுக்குள் புகுந்தால் சோனகதெரு. 1990 ஒக்டோபரில் புலிகள் முஸ்லிம்களை சில மணி நேரமே அவகாசம் கொடுத்து வெளியேற்றிய இடம். கூரையில்லாத சுவருக்குள் வேம்பு வளர்ந்து நிற்கிற வீடும், அதற்கு ஒட்டினாற்போல் புதிதாகப் பூச்சு பூசிய வீடும் ஒரே ஒழுங்கையில் இருக்கும். கோவில் திருவிழாவுக்கு வருகிற எங்கள் ஆட்களில் பலர் இந்தத் தெருவுக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை, நானும் அதுவரை வைத்ததில்லை. இங்கே கமராவைப் பைக்குள் வைத்துவிட்டு நடங்கள்.

நல்லூருக்கு ஒரு முழுப் பின்னேரம். இப்போதுள்ள கோவில் ஒல்லாந்தர் காலத்தில், 18ஆம் நூற்றாண்டில் எழுந்தது. போர்த்துக்கேயர் இடித்த பழைய கோவில் இருந்த இடம் வேறு. நல்லூரில் பூசைக்கு மணி என்றால் மணிதான், ஐந்து நிமிடம் பிந்தினால் உங்களுக்காக ஒருவரும் காத்திருக்க மாட்டார்கள். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும், நீங்கள் எந்த நாட்டுக் குடியுரிமை வைத்திருந்தாலும். நீங்கள் வரும் நாட்களில் கேதார கௌரி விரதமும் இருக்கக்கூடும். புரட்டாதி வளர்பிறைத் தசமியில் தொடங்கி தீபாவளி அமாவாசை வரை 21 நாள், தம்பதியருக்காகவே உள்ள விரதம். கடைசி நாளில் காப்புக் கட்ட நிற்கிற கூட்டத்தைப் பார்க்க வேண்டும்.

கோவிலில் இருந்து முத்திரைச் சந்திப் பக்கம் நடந்தால் யாழ்ப்பாண அரசன் சங்கிலியனின் சிலை, சங்கிலியன் தோப்பில் தனியே நிற்கிற வாசல், கொஞ்சம் தள்ளி மந்திரி மனை என்கிற பழைய மாளிகை. மந்திரி மனை சிதைந்துகொண்டிருக்கிறது, உள்ளே ஏறாமல் வெளியே நின்று மரவேலைப்பாட்டைப் பாருங்கள். யமுனா ஏரியை விட்டுவிடாதீர்கள். ப வடிவில் கல் கட்டிய சின்னக் கேணி; யமுனையிலிருந்து காவடியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள் என்பது கதை. நாங்கள் போனபோது பாசி பிடித்து, ஒரு ஆடு மட்டும் படியில் நின்றது. அரசர் காலத்து நல்லூரில் நடந்து பார்க்க மிஞ்சியது இவ்வளவும்தான் என்பது எனக்குக் கோபம். அது வேறு பதிலில் எழுத வேண்டிய விஷயம்.

சாப்பாடு கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மத்தியானம் வாழையிலைச் சைவச் சாப்பாட்டுக்கு சந்தைப் பக்கம் மலாயன் கபே. நல்லூரடியில் ரியோவில் ஐஸ்கிறீம், ஒன்றை இரண்டு பேரும் பகிர்ந்தால் போதும், அளவு பெரிது. கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை ஒக்டோபரில் தேடாதீர்கள், காலம் போயிருக்கும். பனம்பழக் காலத்தின் கடைசியாவது உங்களுக்குக் கிடைக்கலாம். சந்தைக்குள் நடக்கும்போது ஒரு இனிப்புக் கலந்த கனத்த வாசம் வந்தால் அதைப் பிடித்துக்கொண்டே போங்கள். பனங்களியில் மாவும் சீனியும் பிசைந்து, கையால் கிள்ளி எண்ணெயில் போட்ட பணியாரம், வெளியே மொறுமொறு, உள்ளே மெத்தென்று லேசான கசப்போடு. இவருக்கு அந்தக் கசப்பு பிடிக்கவில்லை, ஆகவே பை முழுக்க எனக்கே. திரும்பும்போது தோலகட்டி நெல்லிரசம் ஒரு போத்தல் வாங்குங்கள், பெட்டிக்குள் வைக்கும்போது மூடியை இறுக்கிக் கட்டுங்கள்.

ஒழுங்கைகளில் மட்டும் ஒரு கவனம். நாய்கள். பகலில் படுத்திருக்கும், இருட்டினால் கூட்டமாக எழும்பும். ஏழு மணிக்குப் பிறகு நடை வேண்டாம், செயலியில் ஓட்டோ பிடித்து விடுதிக்குப் போங்கள். அப்புறம் தீவுகள்: நயினாதீவும் நெடுந்தீவும் நடந்து போகிற இடமில்லை, குறிகட்டுவான் இறங்குதுறைக்கு பஸ், அங்கிருந்து படகு. அதற்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்கி, விடிய முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். மழை இருட்டிக்கொண்டிருந்தால் அன்றைக்கு விட்டுவிட்டு அடுத்த நாள் போகலாம்.