வயலில் கச்சா எண்ணெய் கசிந்தால்: டெல்டா வாசகர் கேள்விகளும் பதில்களும்

குழாய்ப் பாதை ஆய்வு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, குடவாசல் பக்கம் சொந்த வயலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எண்ணெய்க் கசிவு பற்றியும் அதற்குப் பிறகு வரும் சட்டங்கள் பற்றியும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

நன்னிலம்: ஐயா, கசிவைப் பார்த்ததும் முதலில் என்ன செய்வது?

பீடி, அடுப்பு, மோட்டார் சுவிட்ச் எதையும் தொடாதீர்கள். காற்று அடித்து வரும் பக்கமாக ஒதுங்கிப் போங்கள். தூரம் போன பிறகு, குழாய்ப் பாதைப் பலகையில் உள்ள நம்பருக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் போன் செய்யுங்கள்.

அப்புறம், மண் மாதிரி எடுக்காமல் யாரையும் மண்ணைச் சுரண்டிப் போக விடாதீர்கள். எங்கள் பக்கத்தில் ஒருவர், சீக்கிரம் நடவு செய்ய வேண்டுமே என்று மேல்மண்ணை வாரிக்கொண்டு போகச் சம்மதித்துவிட்டார். நஷ்டஈடு கேட்டபோது காட்ட அவரிடம் ஒரு பிடி மண் இல்லை. வி.ஏ.ஓ. முன்னிலையில், கண்ணாடிப் பாட்டிலில், இரண்டு பங்காக எடுத்து ஒரு பங்கை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எழுதியதற்கெல்லாம் ரசீது வாங்குங்கள்.

மன்னார்குடி: பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று அறிவித்த பிறகும் எண்ணெய்க் கிணறுகள் ஏன் ஓடுகின்றன?

2020 சட்டம் தடுப்பது புதிதாக வருவதை. அதற்கு முன்பே அனுமதி பெற்று ஓடுபவற்றை அது நிறுத்தவில்லை. இதையே இன்னும் நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள். நான்கு பேருக்கும் இதே பதில்தான்.

காரைக்கால்: எங்களுக்கும் அந்தச் சட்டம் உண்டா?

இல்லை. அது தமிழ்நாட்டுச் சட்டம், நீங்கள் புதுச்சேரி.

தஞ்சாவூர், கல்லூரி மாணவி: பெரிய விபத்து நடந்தால்தான் கட்டுப்பாடு வருமா?

நல்ல கேள்வி அம்மா. பெரும்பாலும் அப்படித்தான் நடந்திருக்கிறது. 1969 ஜனவரியில் கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா கடலில் கிணறு வெடித்தது. எண்ணெயில் தோய்ந்த பறவைகளை அமெரிக்கா முழுக்க டிவியில் பார்த்தார்கள். அடுத்த புத்தாண்டு அன்றே தேசிய சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம் கையெழுத்தானது. எண்ணெய்க் கசிவுக்கு யார் பொறுப்பு என்ற மசோதா அங்கே வருஷக்கணக்காகக் கிடப்பில் கிடந்தது. 1989 மார்ச்சில் அலாஸ்காவில் எக்ஸான் வால்டிஸ் கப்பல் பாறையில் மோதியது, 1990இல் சட்டம் வந்துவிட்டது. எண்ணெய்க் கப்பலுக்கு அடியிலும் பக்கவாட்டிலும் இரட்டைச் சுவர் அங்கே கட்டாயமானது அப்போதுதான்.

2010இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற எண்ணெய்த் துளையிடும் மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். 87 நாள் எண்ணெய் கொட்டியதைக் கடலடிக் கேமராவில் உலகமே பார்த்தது. எண்ணெய் எடுப்பதற்கான அரசுப் பங்கை (ராயல்டி) வசூலித்த அதே அரசு அலுவலகம்தான் பாதுகாப்பையும் சோதித்துக்கொண்டிருந்தது என்பது அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. அதைப் பிரித்தார்கள். 2016இல் கிணற்றுக் கட்டுப்பாட்டு விதிகளைக் கடுமையாக்கினார்கள். 2019இல், கேமராக்கள் போன பிறகு, அவற்றில் சிலவற்றைத் தளர்த்தினார்கள். ஊர் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தக் கொஞ்ச காலத்தில் எழுத்தில் வாங்கியதுதான் நிற்கும். அதிலும் தொடர்ந்து கேட்க ஆள் வேண்டும்.

மன்னார்குடி (மறுபடியும்): கேமராவா கொண்டுவந்தது? 2020 சட்டம் மக்கள் போராடி வந்தது ஐயா.

ஒப்புக்கொள்கிறேன், நான் அதை விட்டுவிட்டேன். இயற்கை விவசாயி நம்மாழ்வார் ஐயா 2013 டிசம்பரில் இறக்கும்வரை மீத்தேன் எரிவாயு எடுக்கும் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராகப் போனார். 2017இல் நெடுவாசல் மக்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அதே வருடம் ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் வயலில் குழாய் கசிந்தபோது ஊரே திரண்டது. ஆனால் புதுக் கிணறு வராமல் தடுப்பது ஒன்று, மண்ணுக்குள் ஏற்கெனவே கிடக்கும் குழாயைச் சோதிப்பது வேறு. முதலாவதற்குப் போராடத் தெரிந்துகொண்டோம். இரண்டாவதைக் கேட்கவே ஆரம்பிக்கவில்லை.

பேரளம்: சோதிக்கச் சொன்னால் அது இருக்கட்டும் என்று ஒப்புக்கொண்டதாகாதா? மூடச் சொல்வதுதானே முறை?

உங்கள் கோபம் நியாயம், முடிவு தவறு. மூடுவதற்கும் விதி வேண்டும். கிணற்றுக்குள் சிமென்ட் அடைப்பு போட வேண்டும், குழாயில் தங்கிய எண்ணெயைக் கழுவி எடுக்க வேண்டும். சும்மா பூட்டிவிட்டுப் போன குழாய் உள்ளே துருப்பிடித்துக்கொண்டே இருக்கும். 2023 மார்ச்சில் நாகூர் பட்டினச்சேரிக் கடற்கரையில் குழாய் உடைந்தபோது மீனவர்கள் அடைத்தால் போதும் என்று நிற்கவில்லை, குழாயையே எடு என்றார்கள். கேட்டால் அப்படிக் கேட்க வேண்டும்.

மயிலாடுதுறை: வெளிநாட்டில் சட்டம் கடுமை, இங்கே சட்டமே இல்லையே?

இருக்கிறது. தவறு செய்தானா இல்லையா என்று பார்க்காமல் ஆபத்தான தொழில் நடத்துபவரே இழப்பைத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் டெல்லியில் ஓலியம் என்ற அமில வாயு கசிந்த வழக்கில் எப்போதோ சொல்லிவிட்டது. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் பசுமைத் தீர்ப்பாயத்தின் சட்டத்திலும் அது உண்டு. அங்கே இழப்பீடு கேட்க 5 வருட அவகாசம் இருக்கிறது. நமக்குக் குறைவது ஆய்வு.

திருத்துறைப்பூண்டி: குழாய் போன நிலம் இன்னும் என்னுடையதா?

உங்களுடையதுதான். 1962ஆம் ஆண்டு எண்ணெய்க் குழாய்ப் பாதைச் சட்டப்படி குழாய் நிறுவனத்தார் எடுப்பது பயன்பாட்டு உரிமை மட்டும். அதற்குச் சந்தை மதிப்பில் 10 சதவீதம். அதன் மேல் கட்டடம், கிணறு, குளம், மரம் கூடாது. பயிர்ச் சேதத்துக்குத் தனியாகக் கேட்கலாம்.

குத்தாலம், கொரடாச்சேரி, இன்னும் பலர்: எண்ணெய் பட்ட வயலில் எப்போது நடலாம்?

தேதி சொல்லச் சொல்லாதீர்கள், மண்ணைப் பார்க்காமல் யாராலும் முடியாது. எண்ணெயோடு கிணற்றின் உப்புத் தண்ணீரும் வந்திருந்தால், நம் களிமண்ணுக்கு எண்ணெயைவிட அது மோசம். மண் இறுகிவிடும். உப்பின் அளவையும் எண்ணெயையும் இரண்டையும் சோதியுங்கள். நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். மறுபடியும் சொல்கிறேன், மாதிரி எடுக்காமல் மண்ணை வாராதீர்கள்.

வேதாரண்யம்: இறால் குட்டை உப்பைக் குறைப்பது எப்படி?

எனக்குத் தெரியாத துறை. மீன்வளத் துறையைக் கேளுங்கள்.

தஞ்சாவூர் மாணவி (மறுபடியும்): அப்படியென்றால் இப்போது நாங்கள் என்ன கேட்க வேண்டும் ஐயா?

மூன்று காகிதம். ஊருக்குள் குழாய் போகும் வரைபடம், வால்வு இருக்கும் இடங்களோடு. குழாயின் தடிமனைக் கடைசியாகச் சோதித்த அறிக்கை. கசிந்தால் யார் எத்தனை நிமிடத்தில் வருவார் என்ற திட்டம். மூன்றையும் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்லி கிராமசபையில் தீர்மானம் போடுங்கள். அக்டோபர் 2 கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்து வாசியுங்கள், நகலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.