மின்சாரம் கேளுங்கள்: சார்ஜரைத் திட்டாதீர்கள்!

(பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற மின் கணக்கீட்டாளர்)

கேள்வி: போன முறை எங்கள் வீட்டில் 511 யூனிட். பில் 2,100 ரூபாய்க்கு மேல். மருமகள் செல்போனை எடுத்துக்கொண்டு சார்ஜரை அப்படியே பிளக்கில் விட்டுவிடுகிறாள். அதில் எவ்வளவு ஓடும்?
- ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: மருமகளை விட்டுவிடுங்கள், அம்மா. இப்போது வரும் நல்ல சார்ஜர் சும்மா தொங்கும்போது கால் வாட்கூட இழுக்காது. இரண்டு மாதமும் இரவு பகலாகத் தொங்கினாலும் அரை யூனிட் வராது. போனுக்கே தினமும் முழு சார்ஜ் போட்டாலும் ஒன்றரை யூனிட்தான்.

டி.வி.க்குக் கீழே இருக்கிற செட்டாப் பாக்ஸைத் தொட்டுப் பாருங்கள். ரிமோட்டில் அணைத்து ஒரு மணி நேரம் கழித்தும் கதகதப்பாக இருக்கிறதா? அந்தச் சூடு உங்கள் காசு. பழைய பாக்ஸ்கள் பலவும் ரிமோட்டில் அணைத்த பிறகும் ஓடும்போது இழுக்கிற அளவே இழுக்கும்.

என் பேச்சை நம்ப வேண்டாம், மீட்டரையே கேளுங்கள். முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். பக்கத்தில் 3200 என்று போட்டிருந்தால், 3,200 முறை மினுக்கினால் ஒரு யூனிட் என்று அர்த்தம். ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் உட்பட எல்லாவற்றையும் ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டு, பாக்ஸை மட்டும் ரிமோட்டில் அணைத்த நிலையில் வையுங்கள். ஒரு மினுக்கலுக்கும் அடுத்ததற்கும் எத்தனை நொடி? 1125ஐ அந்த நொடியால் வகுத்தால் வாட் வந்துவிடும். 90 நொடி என்றால் பன்னிரண்டரை வாட். தினமும் 19 மணி நேரம் இப்படிச் சும்மா கிடந்தால் இரண்டு மாதத்தில் 14 யூனிட்!

14 யூனிட் என்ன பெரிய காசு என்று கேட்கலாம். உங்கள் வீட்டில் பெரிய காசுதான். 2024 ஜூலை கட்டணப்படி, 500ஐத் தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் போவதோடு, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைத்த சலுகையும் பறிபோகும். அந்த 11 யூனிட் இல்லாதிருந்தால் முந்நூறு ரூபாய்க்கு மேல் மிச்சம். படுக்கப் போகும்போது பாக்ஸைச் சுவரிலேயே அணைத்துவிடுங்கள். காலையில் படம் வர இரண்டு நிமிடம் பிடிக்கும், பொறுத்துக்கொள்ளலாம்.

வைஃபை ரூட்டர் எட்டு வாட் போல, இரண்டு மாதத்துக்கு 11, 12 யூனிட். கொசு மருந்து மிஷின் மூன்று யூனிட். அப்புறம், பழைய சீலிங் ஃபேன் ஒன்று தினமும் 12 மணி நேரம் சுற்றினால் ஐம்பது யூனிட்டுக்கு மேல். சார்ஜரைப் பார்த்த கண்ணால் அதையும் ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள்.

கேள்வி: வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். லேப்டாப்புக்கு என்று வீட்டு ஓனர் மாதம் 300 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார். நியாயமா?
- ஒரு வாசகர், வேளச்சேரி

பதில்: இல்லை, தம்பி. 50 வாட் லேப்டாப், ஒன்பது மணி நேரம், இரண்டு மாதத்தில் 44 வேலை நாள்: 20 யூனிட். அவர் பில் ஆயிரம் யூனிட்டைத் தாண்டி உச்சக் கட்டணத்தில் இருந்தாலும் இரண்டு மாதத்துக்கும் சேர்த்து 240 ரூபாய்க்குள் அடங்கிவிடும். அவர் கேட்பதோ 600. சண்டை வேண்டாம், சப்-மீட்டர் போடச் சொல்லுங்கள். போட்ட அன்றே ரீடிங்கை இருவருமாகப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.