அறைத்தோழியை விடுமுறைக்கு வீட்டில் தங்க வைத்தால் நட்பு கெடுமா?

கேள்வி: கம்பஸ் ஹொஸ்டலில் என்னோடு ஒரே அறையில் இருக்கும் தோழிக்கு விடுமுறையில் கொழும்பில் ட்ரெய்னிங். இரண்டு மாதம் எங்கள் வீட்டில் தங்கலாமா என்று கேட்கிறாள். எங்களுடையது சின்ன ஃபிளாட். சம்மதிக்கலாமா?

தாராளமாகச் சம்மதிக்கலாம். எங்கள் வீட்டிலும் இது நடந்தது. பேராதனையில் என்னோடு அறையில் இருந்தவள் மட்டக்களப்புப் பக்கத்துப் பிள்ளை. கோட்டையில் ஓர் ஒஃபிஸில் பயிற்சி கிடைத்ததும் வெள்ளவத்தைக்கு எங்களிடம் வந்துவிட்டாள். இரண்டு அறை ஃபிளாட். அம்மா, அப்பா, அம்மம்மா, தம்பி, நான், அவளோடு ஆறு பேர். எங்கள் நட்பு இன்றைக்கும் நல்லபடி இருக்கிறது. அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

இடம் போதாது என்பதைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். பாய் விரித்தால் இடம் வந்துவிடும். நான் யோசிக்கச் சொல்வது வேறு. ஹொஸ்டலில் நீங்கள் இருவரும் சரிசமம். லைட்டை எப்போது அணைப்பது என்று சண்டை பிடிப்பீர்கள், அரை மணித்தியாலத்தில் மறந்துவிடுவீர்கள். உங்கள் வீட்டுக்கு வந்ததும் நீங்கள் வீட்டுக்காரி, அவள் விருந்தாளி. ஃபேனைக் கூட்டுவதற்கும் ஒரு தேத்தண்ணி போடுவதற்கும் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். பேராதனைக் குளிரில் இருந்து வந்தவளுக்குக் கொழும்பு வெக்கையில் இரண்டு நேரமும் குளிக்க வேண்டும் போல இருக்கும், ஆனால் கேட்கமாட்டாள். மனத்தாங்கல் அங்கேதான் தொடங்கும்.

முதல் வாரம் ஒரு வெள்ளிக்கிழமை அவள் எனக்கு முன்னமே வந்துவிட்டாள். அம்மாவும் அம்மம்மாவும் மயூரபதி அம்மன் கோயிலுக்குப் போயிருந்தார்கள். நான் வரும்போது லிஃப்டுக்குப் பக்கத்துப் படியில், பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். யாருக்கும் கோல் எடுக்கவில்லை. கோயிலுக்குப் போனவர்களை ஏன் அவசரப்படுத்துவான் என்று நினைத்தாளாம். அடுத்த நாள் காலையிலேயே அப்பா காலி வீதிக்குப் போய் ஒரு திறப்பு வெட்டிக்கொண்டு வந்து, தன் கையாலேயே அவளிடம் கொடுத்தார். "இது உன்ர திறப்பு பிள்ளை, போகும்வரைக்கும் நீயே வைச்சிரு" என்றார். அதற்குப் பிறகுதான் அவள் குசினிக்குள் தானாகப் போகத் தொடங்கினாள். திறப்பை நான் கொடுத்திருந்தால் இந்த மாற்றம் வந்திருக்காது என்றே நினைக்கிறேன். வீட்டுப் பெரியவர் கையால் கொடுப்பதற்கு ஒரு பெறுமதி இருக்கிறது.

ஆகவே, அவள் வருவதற்கு முன்பே ஒரு திறப்பு, அலுமாரியில் ஒரு தட்டு, காலையில் பாத்ரூமுக்கு ஒரு நேரம், இவற்றை ஒழுங்கு செய்துவிடுங்கள். ஒரே பாத்ரூம் என்றால் நேரம் கட்டாயம் பேச வேண்டும். கோட்டைக்கு ரயிலில் போகிறவளுக்குக் காலையில் பத்து நிமிடம் பிந்தினால் ரயில் போய்விடும். 100, 101 பஸ்கள் காலி வீதியில் அடிக்கடி வரும்தான், ஆனால் அந்த நெரிசலில் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. தம்பி, அண்ணா யாரும் இருந்தால் அவர்களிடமும் முதலே சொல்லிவிடுங்கள். என் தம்பி தன் படுக்கையை ஹோலுக்கு மாற்றிக்கொண்டான். துணி காயப்போட பல்கனியில் எங்களுக்கென்று ஒரு கொடி கட்டினோம்.

அடுத்தது காசு. இரண்டு மாதத்துக்கு ஓராள் கூடுவது சின்ன விஷயம் இல்லை. 12.5 கிலோ காஸ் சிலிண்டர் வழக்கத்தைவிட முந்தி முடியும். கரண்ட் பில் அலகு கூடக்கூட ஓர் அலகின் விலையும் ஏறும் முறையில் வருவதால், இரவு முழுக்க ஓடும் இன்னொரு ஃபேனே உங்களை அடுத்த படிக்குத் தள்ளிவிடலாம். ஆனால் நம் அம்மாமார் பிள்ளையின் தோழியிடம் காசு வாங்கமாட்டார்கள். அவள் கவரில் போட்டுக் கொடுத்ததை அம்மா திருப்பிக் கொடுத்தார். அவளுக்கு முகம் சுருங்கிப் போனது. அன்று இரவு ஓர் இடியப்பம் குறைவாகவே சாப்பிட்டாள். பிறகு அம்மாவே ஒரு வழி சொன்னார்: "காசு வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை மரக்கறி உன்ர பொறுப்பு." வெள்ளவத்தைச் சந்தைக்கு அவளும் அம்மாவும் சேர்ந்து போவார்கள். நான் போவதில்லை. அந்த நேரத்தில்தான் அவர்கள் இருவருக்கும் என்னைச் சாராத ஒரு பழக்கம் உண்டானது. அவளுடைய வீட்டிலிருந்தும் இரவு பஸ்ஸில் எருமைத் தயிர், கருவாடு, கஜு என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். அவற்றை மறுக்காமல் வாங்குங்கள்.

இன்னொன்று, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் "பொலிஸில் பதிய வேண்டாமா?" என்று கேட்டால் எரிச்சல்படாதீர்கள். யுத்த காலத்தில் ஊரிலிருந்து யாராவது வந்து தங்கினால் பதிவு செய்துவிட்டே நிம்மதியாகத் தூங்கினவர்கள் அவர்கள். 2007 ஜூன் 7இல் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்கள் முந்நூறு பேருக்கு மேல் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அம்மம்மாவுக்கு அந்தப் பயம் இன்னும் போகவில்லை. அவருக்காகவே ஃபிளாட் நிர்வாகத்திடம் தோழியின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதிக் கொடுத்தோம். வாச்சருக்கும் அவளை அறிமுகப்படுத்தினோம். உங்கள் ஃபிளாட்டிலும் விதி என்ன என்று கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, இந்தப் பேச்சை நீங்களும் அவளும் மட்டும் முடிவு செய்யாதீர்கள். உங்கள் அம்மா அவளுடைய அம்மாவுக்குக் கோல் எடுத்துப் பேசட்டும். எந்தத் திகதி வருகிறாள், எந்தத் திகதி போகிறாள், ட்ரெய்னிங் நீண்டால் என்ன செய்வது, எல்லாம் அந்தப் பேச்சிலேயே வந்துவிடும். உங்கள் அம்மா தயங்கினால் அவரை வற்புறுத்த வேண்டாம், இரண்டு மாதமும் சமைத்துப் போடப்போவது அவர்தான். அப்படியானால் தோழியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். வெள்ளவத்தை, பாமன்கடைப் பக்கம் பெண் பிள்ளைகளுக்கு அறை கொடுக்கும் வீடுகள் இருக்கின்றன, குறுகிய காலத்துக்கு எல்லோரும் கொடுக்கமாட்டார்கள், தேட நாள் எடுக்கும். நீங்களும் அவளோடு போய்ப் பாருங்கள்.