சருகுக்குள் நடப்பது என்ன? வாசகர் கேள்வி-பதில்

நெடுங்கேணி வாசகர்: பாலைப்பழம் பொறுக்கப் போனபோது மரத்தடியில் சருகு கணுக்கால் அளவுக்கு மொறுமொறுவென்று கிடந்தது. கார்த்திகையில் போனால் அதே இடம் கறுத்த சேறு. இடையில் என்ன நடந்தது, ஐயா?

பெரிய பந்தி நடந்து முடிந்திருக்கிறது. பங்கசுக்கும் பற்றீரியாவுக்கும் வாய் இல்லை. உணவை உடைக்கும் புரதங்களான நொதியங்களை உடலுக்கு வெளியே சுரந்து, இலையை அங்கேயே கரைத்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கின்றன. செலுலேசு என்னும் நொதியம் இலையின் நாரைச் சீனியாக்கும் வழியைத் தொடக்கிவைக்கிறது. பொசுபற்றேசு என்னும் நொதியம் பொசுபரசை விடுவிக்கிறது. இலையை விறைப்பாக வைத்திருக்கும் லிக்னினை உடைப்பது பெரும்பாலும் பங்கசுகளின் வேலை.

நொதியம் இலையைச் சென்றடையவும் கரைந்தது திரும்பி வரவும் நீர்ப்படலம் வேண்டும். வன்னியின் ஆடி வெயிலில் அது ஏது? வேலை நின்றுபோனாலும் நொதியங்களில் ஒரு பகுதி களியிலும் உக்கலிலும் ஒட்டிக்கொண்டு அழியாமல் கிடக்கும். ஐப்பசியின் முதல் மழை விழுந்ததும், நுண்ணுயிர்கள் மீண்டும் வேலையைத் தொடங்க, சில மணி நேரத்திலேயே மண்ணிலிருந்து காபனீரொட்சைட்டு பொங்கி வெளியேறும். காய்ந்த மண்ணை நனைத்தால் இப்படி நடப்பதைக் கென்யாவில் பணியாற்றிய மண் ஆய்வாளர் பேர்ச் 1958இல் எழுதினார். அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

மழை பெய்து ஒரு கிழமை கழித்து மேற்சருகை விலக்கி, நடுப்படையில் இருக்கும் இலை ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெளிறிய திட்டுகள் தெரிந்தால் அங்கே லிக்னின் கரைந்துகொண்டிருக்கிறது. இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்ததுபோல வெள்ளை நூல்களும் இருக்கும். எனக்கு எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி அது.

பரந்தன் விவசாயி: வைக்கோலை எரிக்காமல் உழுதுவிட்டேன். பயிர் மஞ்சளாகிவிட்டது. எரித்திருக்கலாமோ?

வேண்டவே வேண்டாம். எரித்தால் வைக்கோலில் உள்ள நைதரசனில் பெரும்பகுதி புகையோடு போய்விடும். நீங்கள் செய்தது சரி, காலம்தான் பிந்திவிட்டது. வைக்கோலில் ஒரு பங்கு நைதரசனுக்கு ஏறக்குறைய 60 முதல் 80 பங்கு காபன் இருக்கிறது. நொதியம் ஒரு புரதம். அதை உண்டாக்க நைதரசன் வேண்டும். வைக்கோலில் போதாததை நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ள, பயிர் பட்டினி கிடக்கிறது. அடுத்த போகத்தில் விதைப்புக்கு மூன்று நான்கு கிழமைக்கு முன்னரே, ஈரம் இருக்கும்போது, கிளிசரியாக் குழையும் மாட்டெருவும் சேர்த்து உழுதுவிடுங்கள். தேக்கஞ்சருகு கைவசம் இருந்தாலும் வயலில் போடாதீர்கள். அது மெதுவாகத்தான் உக்கும். மரங்களுக்கு மூடாக்காக இடலாம்.

முள்ளியவளை வாசகி: கூட்டெருவுக்கு நொதியக் கரைசல் போத்தல் வாங்கலாமா?

அந்தக் காசுக்குச் சாணம் வாங்குங்கள். வெளியிலிருந்து ஊற்றும் நொதியத்தையும் நுண்ணுயிர்கள் புரதமாகவே தின்றுவிடும். சுரக்கும் உயிர் குவியலில் இருந்தால்தான் நொதியம் தொடர்ந்து கிடைக்கும். உங்கள் வளவு மரத்தடியில் பாதி உக்கிய சருகு ஒரு கடகம் போதும். குவியலை ஈரமாகவும் நிழலிலும் வைத்திருங்கள்.

வவுனியா ஆசிரியை: ஆய்வுகூடம் இல்லாமல் நொதியத்தை மாணவருக்குக் காட்ட முடியுமா?

முடியும். மரத்தடி மண்ணில் ஒரு பாதியைச் சட்டியில் நன்றாக வறுத்து ஆறவிடுங்கள். இரண்டு கிளாசுகளில் வறுத்ததையும் வறுக்காததையும் சம அளவில் போட்டு, மருந்தகத்தில் கிடைக்கும் 3 சதவீத ஐதரசன் பேரொட்சைட்டை ஊற்றுங்கள். நீங்களே ஊற்றுங்கள், கண்ணில் தெறிக்கக்கூடாது. வறுக்காத மண் கூடுதலாக நுரைத்து எழும். அது கற்றலேசு நொதியத்தின் வேலை. வறுத்த மண்ணிலும் கொஞ்சம் குமிழி வரும். மங்கனீசு போன்ற கனியங்களும் அதைச் செய்யும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள்.