அலைவது யார் விருப்பம்?

கேள்வி: நாட்டுப்புற இசைக்குள் எங்கும் நிலைகொள்ளாத ஒரு நாடோடி மனசு இருக்கிறது என்கிறார்கள். எங்கள் பக்கத்துக் கூத்துக் கலைஞர்களும் ஊர் ஊராகத்தான் போகிறார்கள். அலைச்சல் அவர்கள் ரத்தத்திலேயே ஊறியதுதானே? (ஒரு வாசகர், காட்பாடி)

பதில்: இல்லை. கூத்தாடுகிறவர்களுக்கும் ஊர் உண்டு, வீடு உண்டு. பலருக்குக் கொஞ்சம் நிலமோ கூலி வேலையோ இருக்கும். பங்குனி வாக்கில் கிளம்புவார்கள், ஆடி முடிந்தால் பெரும்பாலும் திரும்பிவிடுவார்கள். வயல் வேலை குறைந்த அந்த மாதங்களில்தான் வட ஆர்க்காட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் என்கிற மகாபாரதத் திருவிழா நடக்கிறது. பகலில் பிரசங்கியார் கதை சொல்வார், இரவில் கூத்து. அர்ச்சுனன் தபசு மரம் ஏறி, படுகளம் என்கிற போர்க்களக் காட்சியில் மண்ணால் செய்த துரியோதனனின் தொடையில் அடி விழுந்து, தீமிதியும் முடியும் வரை ஒரு ஊர். அப்புறம் அடுத்த ஊர். வெற்றிலை பாக்கோடு முன்பணம் கொடுத்து அழைத்த இடத்துக்குப் போகிறார்கள், அவ்வளவுதான். மாற்றலாகி ஊர் ஊராகப் போகும் அதிகாரியின் ரத்தத்தை யாரும் ஆராய்வதில்லையே!

பாட்டில் தவிப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. அது யாருடைய தவிப்பு என்று கவனியுங்கள். நம் மக்கள் விடிய விடிய உட்கார்ந்து கேட்பது பெரும்பாலும் வீடிழந்தவர்களின் கதை. சூதில் நாட்டைத் தோற்று வனம் போகும் பாண்டவர்கள். பெண்டாட்டி பிள்ளையை விற்றுவிட்டு மயானம் காக்கும் அரிச்சந்திரன். பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு நடக்கும் நல்லதங்காள். முகவீணை என்கிற சின்ன ஊதுகுழல் உச்சியில் இழுக்க, பின்பாட்டுக்காரர்கள் வரியை வாங்கித் திருப்பிப் பாடும்போது கூட்டத்தில் ஒரு கிழவி கண்ணைத் துடைத்துக்கொள்கிறார் என்றால், கோலார் தங்கவயல் சுரங்கத்துக்குப் போன தகப்பனோ பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன மகனோ நினைவுக்கு வந்திருக்கலாம். பஞ்சமும் கடனும் இந்தச் சீமையிலிருந்து ஆட்களை வெளியே தள்ளிக்கொண்டே இருந்திருக்கின்றன. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து கூலியாட்களோடு முதல் கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை டர்பனைச் சுற்றியுள்ள நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களில் வட ஆர்க்காட்டுக்காரர்கள் ஏராளம். திரௌபதி அம்மனும் தீமிதியும் தெருக்கூத்தும் அவர்களோடு கடல் கடந்தன. அந்தக் கப்பலில் ஊர் சுற்றும் ஆசையில் ஏறியவர் யார்?

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். நாடோடி மனசு என்ற பேச்சு, கூலி கொடுக்க வேண்டியவர்களுக்கு ரொம்ப வசதியாகப் போய்விட்டது. "அவங்களுக்குக் கலை இருந்தா போதுங்க, காசு பெருசில்ல" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். இரவு முழுக்க கிரீடமும் புஜக்கட்டையும் சுமந்து, மைக் இல்லாத காலத்திலேயே கடைசி வரிசை வரை எட்டும்படி உச்சத்தில் பாடிப் பழகிய ஒரு கலையை இருபது நிமிட மேடை நிகழ்ச்சியாக வெட்டி, சால்வையும் பஸ் சார்ஜும் கொடுத்து அனுப்புகிறார்கள். அரிதாரம் கழுவ ஒரு வாளி தண்ணீர்கூட வைக்காத விழாக்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, நீங்கள் காட்பாடிக்காரர். உங்கள் பக்கத்தில் அடுத்த பாரதத்துக்கு ஜமாவை, அதாவது கூத்துக் குழுவை, பேசும்போது பணத்தோடு சேர்த்து, படுக்க ஓர் இடம், குளிக்கத் தண்ணீர், வேஷப் பெட்டிகளோடு ஊர் திரும்ப ஒரு வண்டி ஆகியவற்றையும் பேசிவிடுங்கள். கருமாதிக்குக் கர்ண மோட்சக் கூத்து வைப்பவர்களிடமும் சொல்லுங்கள்: பேசிய தொகையை விடிந்ததும் கையில் கொடுத்துவிட வேண்டும், துக்கத்தைக் காட்டிக் குறைக்கக் கூடாது.