நானோ மஞ்சள் கேப்சூல் முழங்காலத் தேடிப் போகுமுங்களா?

கோபியில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "எங்க அப்பிச்சிக்கு 72 வயசுங்க, முழங்கால் வலி. நானோ குர்குமின் கேப்சூல், வலிக்கற எடத்துக்கே நேரா போயிரும்னு சொல்லி விக்கறாங்க. ஹார்ட்டுக்கு வார்ஃபரின் சாப்பிடறாரு. வாங்கித் தரலாமுங்களா?"

ரத்தம் உறையாம பாத்துக்கற மருந்துங்க வார்ஃபரின், அதச் சாப்பிடறப்ப வேண்டாமுங்க தம்பி. ஏன்னு பொறவு சொல்றேன், மொதல்ல அந்த 'நேரா போயிரும்' சமாச்சாரம்.

ஒரு டம்ளர் பச்சத்தண்ணில மஞ்சத்தூளக் கலக்கி வெச்சுப் பாருங்க, சித்த நேரத்துல தூள் அடில போய் உக்காந்துக்கும். மஞ்சள்ல இருக்கற குர்குமின் தண்ணில கரையாது, நெய் எண்ணெய்லதான் எறங்கும், கொடல்ல கொஞ்சூண்டு உள்ள போனாலும் கல்லீரல் அத உடனே உருமாத்தி வெளிய தள்ளிரும். அதுக்குத்தான் நானோ அளவுக்குப் பொடிசாக்கி மேல கொழுப்பு உறை கிறை போட்டு அனுப்பறாங்க. உறிஞ்சறது கூடும், அது நெசம். ஆனா வயித்து ஆசிட்டு, பித்தநீர் எல்லாம் தாண்டறதுக்குள்ள பலது ஒடஞ்சுரும், இல்லீனா ஒண்ணோடொண்ணு ஒட்டித் திரண்டுக்கும். தப்பிச்சு உள்ள போறதுக்கும் முழங்காலுக்கு வழி தெரியாதுங்க.

ஊசில நேரா ரத்தத்துல போடற கேன்சர் நானோ மருந்துக்கே அதுதான் கதி. பத்து வருச ஆய்வுகளத் தொகுத்து 2016ல பாத்தாங்க, சோதனை மிருகங்கள்ல, போட்ட மருந்துல கேன்சர் கட்டிக்குப் போய்ச் சேந்தது நடுமதிப்பா 0.7 சதவீதந்தான். கல்லீரலும் மண்ணீரலும் நடுவழிலயே புடிச்சு வெச்சுக்குது, நம்ம காலிங்கராயன் வாய்க்கால்ல தண்ணி உட்டா கடைமடைக்காரர் காத்துக் கெடக்கற மாதிரி. அதுக்காக எல்லாமே வேஸ்ட்டுன்னும் சொல்லமாட்டேன், 1995ல அமெரிக்கால அனுமதி வாங்குன டாக்ஸில்ங்கற கேன்சர் நானோ மருந்து, உறை இல்லாத அதே மருந்து இருதயத்தக் கெடுக்கறதக் கொறச்சுது, ஆனா உள்ளங்கை உள்ளங்கால் தோல் உரிய ஆரம்பிச்சுது.

இப்ப அப்பிச்சி விசயம். உறிஞ்சறது கூடுனா மருந்துகளோட மோதறதும் கூடும். குர்குமின் அதிகமானா வார்ஃபரினோட சேந்து ரத்தக்கசிவு வரலாம். சில கேப்சூல்ல மிளகுல இருக்கற பைப்பரினும் சேப்பாங்க, பெங்களூர் செயிண்ட் ஜான்ஸ் மெடிக்கல் காலேஜ்ல 1998ல பண்ணுன ஆய்வுல அது குர்குமின் உறிஞ்சறத 20 மடங்கு ஏத்துச்சு, ஆனா கல்லீரல் மத்த மருந்துகளக் கழிக்கறதையும் அது மந்தமாக்கும். இந்த மாதிரி கேப்சூல்னால கல்லீரலே வீங்குன கேஸ்களும் இருக்கு. ரசத்துல, கொழம்புல போடற மஞ்சளுக்கு இந்த பயம் வேண்டாம்.

ஏற்கனவே வாங்கிக் குடுத்திருந்தா நிறுத்திட்டு, டப்பாவ டாக்டர்கிட்டக் காட்டி, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு பாக்கற ஐஎன்ஆர் டெஸ்ட் எடுத்துருங்க. பல் ஈறுல ரத்தம், கருப்பா மலம் போனா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க. வலி பொறுக்கலைன்னு மெடிக்கல்ல டைக்ளோஃபினாக் வாங்கித் தர்ற வேலையும் வேண்டாம், வார்ஃபரினோட அது இதவிட மோசம்.